மெஷினை மாத்தறதுக்கு முன்னாடி வெறும் ஃபில்டரை அளந்து பாருங்க

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: நிமிஷத்துக்கு 5 லிட்டர் இழுக்கற பம்ப்புல 24 மணி நேரம் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு சின்ன காத்துத் துகள்) சாம்பிள் எடுக்கறீங்க, 47 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் ஃபில்டர், அதுல பாதிய வெட்டி ஆசிட்ல கரைச்சு 50 மில்லிக்கு கொண்டுவந்து, அதையும் அஞ்சு மடங்கு டைல்யூட் பண்ணி ஐசிபி-எம்எஸ்ல (கரைசல்ல இருக்கற உலோகத்த அணுவோட எடைய வச்சு அளக்கற மெஷின்) ஓட்டறீங்க. ஆர்செனிக், கேட்மியம், நிக்கல், குரோமியம் நாலுலயும் பாதிக்கு மேல சாம்பிள் "டிடெக்ஷன் லிமிட்டுக்கு கீழ", அதாவது நம்பி சொல்ல முடியற எல்லைக்கு கீழன்னு வருது. மெஷினோட லிமிட் 10 பிபிடி (ஒரு லிட்டர் கரைசல்ல 10 நானோகிராம்)ன்னு லேப்ல சொல்லிட்டாங்க, அதனால இத விட நல்ல மெஷின் எதுன்னு கேக்கறீங்க. கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சப்புறம் எனக்கு தோணினது, நீங்க தெரிஞ்சுக்க நினைக்கறது வேற: காத்துல இருக்கற அந்த துளியூண்டு உலோகம் என் ஃபில்டர்ல வந்து உக்காந்திருக்கா இல்லையா, உக்காந்திருந்தா அத எத வச்சு நம்பறது. அதுக்குத்தான் பதில் எழுதறேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஃபில்டர் மாட்டறது, கரைக்கறது, அளக்கறதுன்னே போயிட்டிருக்கு எனக்கு, அதனால உலோகம் பத்தி தைரியமா சொல்லுவேன். கார்பனும், காத்த அங்கயே உடனுக்குடன் அளக்கற ஆன்லைன் மெஷினும் பக்கத்துல நின்னு வேலை பாத்த அளவுக்குத்தான், அந்த இடத்துல அப்படியே எடுத்துக்கோங்க.

முதல்ல ஒரு பேப்பர எடுத்து கணக்க போடுங்க, நான் யாருக்கும் முதல்ல சொல்றது இதத்தான். நிமிஷத்துக்கு 5 லிட்டர்னா ஒரு நாளைக்கு 7.2 கன மீட்டர் காத்து. காத்துல ஆர்செனிக் கன மீட்டருக்கு 1 நானோகிராம் இருக்குன்னு வச்சுக்கிட்டா மொத்த ஃபில்டர்லயும் சேர்ந்திருக்கறது 7.2 நானோகிராம், நீங்க வெட்டின பாதியில 3.6. அத 50 மில்லியில கரைச்சா 72 பிபிடி, அஞ்சு மடங்கு டைல்யூட் பண்ணினதும் 14 பிபிடி சொச்சம். மெஷின் லிமிட் 10. அதாவது இருக்கறதயே தேச்சு தேச்சு மெஷின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திடறீங்க, உள்ள போகுமா போகாதான்னு அன்னன்னைக்கு அதிர்ஷ்டம். இதையே திருப்பி போட்டா 10 பிபிடிங்கறது உங்க வழியில காத்துல கன மீட்டருக்கு 0.7 நானோகிராம் கிட்ட. லேப் சொல்ற பிபிடி கரைசலுக்கான நம்பர், உங்களுக்கு வேண்டியது காத்துக்கான நம்பர், நடுவுல பம்ப், கத்தரி, ஃபிளாஸ்க் மூணும் இருக்கு.

இப்போ மெஷினை தொடாம என்ன பண்ணலாம்னு பாருங்க. நிமிஷத்துக்கு 16.7 லிட்டர் ஓடற சாம்ப்ளர்னா ஒரு நாளைக்கு 24 கன மீட்டர். பாதி வெட்டாம முழு ஃபில்டரையும் கரைச்சு, கடைசி அளவ 50 மில்லியில இருந்து 20 மில்லிக்கு இறக்கினா, அதே 1 நானோகிராம் காத்துக்கு டைல்யூஷனுக்கு அப்புறமும் 240 பிபிடி வருது. 14 எங்க, 240 எங்க, கிட்டத்தட்ட 17 மடங்கு. காத்துல சொல்லணும்னா 0.7 இருந்த இடத்துல 0.04. எந்த புது மெஷின் வாங்கினாலும் இந்த அளவு முன்னேற்றம் சுலபத்துல கிடைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை, இருக்கற பம்ப்பையே வேகமா ஓட்டிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பிஎம் 2.5 சைக்ளோன் (பெரிய துகள சுழற்றி பிரிச்சு விடற உறுப்பு) ஒரு குறிப்பிட்ட ஃப்ளோவுக்குத்தான் 2.5 மைக்ரான்ல வெட்டும், ஃப்ளோவ ஏத்தினா வெட்டற அளவு கீழ இறங்கிடும், அப்புறம் நீங்க அளக்கறது பிஎம் 2.5 இல்ல, வேற என்னமோ. பம்ப்ப மாத்த முடியலன்னா அதே 5 லிட்டர்லயே 72 மணி நேரம் ஓட்டுங்க, 21.6 கன மீட்டர் வந்துடும், நாளுக்கு நாள் மாற்றம் தெரியாம போயிடும், அது உங்க ஆராய்ச்சிக்கு முக்கியமா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

சரி, 0.04 வந்துடுச்சுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, இந்த கணக்குல நான் வேணும்னே விட்ட ஒண்ணு இருக்கு. வெறும் ஃபில்டர். காத்தே படாத ஃபில்டர கரைச்சாலும் அதுல நிக்கல் வரும், குரோமியம் வரும், இரும்பு கண்டிப்பா வரும். ஃபில்டர் செய்யும்போதே கலந்தது, ஆசிட்ல இருக்கறது, பாத்திரத்துல ஒட்டியிருக்கறது, கையில இருந்து போனது எல்லாம் சேர்ந்து. இதுக்குத்தான் பிளாங்க்னு பேர். நிறைய பேர் "பிளாங்க கழிச்சுட்டேன் சார்"னு சொல்லி நிறுத்திடுவாங்க. சராசரிய கழிக்கலாம், ஆனா ஏத்த இறக்கத்த கழிக்க முடியாது, டிடெக்ஷன் லிமிட் முழுக்க அந்த ஏத்த இறக்கத்துலதான் உக்காந்திருக்கு.

ஒரு உதாரணம் போட்டு காட்டறேன், நம்பர் நானே எடுத்துக்கிட்டது. ஒரு பெட்டி ஃபில்டர்ல மூணு பிளாங்க்ல குரோமியம் 38, 42, 39 நானோகிராம். இன்னொரு பெட்டியில 2, 25, 4. யாரைக் கேட்டாலும் ரெண்டாவது பெட்டிதான் சுத்தம்னு சொல்லுவாங்க, சராசரி 10 தானே. ஆனா முதல் பெட்டியோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது அந்த ஏத்த இறக்கத்தோட அளவு, 2.1, மூணு மடங்கு எடுத்தா லிமிட் 6 நானோகிராம், ரெண்டாவதோடது 12.7, லிமிட் 38 நானோகிராம். 24 கன மீட்டரால வகுத்தா முதல் பெட்டியில 0.26 வரைக்கும் பாக்கலாம், "சுத்தமான" பெட்டியில 1.6-க்கு கீழ எதுவும் தெரியாது. (மூணு பிளாங்க் பத்தாது, கணக்கு புரியறதுக்காகத்தான் மூணு போட்டேன். குறைஞ்சது ஏழு வேணும், ஏழுக்கு 99 சதவீத நம்பகத்துல ஸ்டாண்டர்ட் டீவியேஷன 3.14-ஆல பெருக்கறது வழக்கம்.) உங்க பிளாங்க்கோட டீவியேஷன் வெறும் 5 நானோகிராமா இருந்தாலே போதும், லிமிட் 15 நானோகிராம், காத்துல 0.6, கஷ்டப்பட்டு கொண்டுவந்த 0.04 மொத்தமும் போச்சு. அந்த நிலைமையில பத்து மடங்கு நல்ல மெஷின் வாங்கி வச்சாலும் அது அந்த 5 நானோகிராம் தடுமாற்றத்த இன்னும் துல்லியமா அளந்து காட்டும், அவ்வளவுதான்.

அதனால பிளாங்க்ல மூணு வகை தனித்தனியா எடுங்க. ஆசிட் மட்டும் போட்டு டைஜஷன் (அந்த கரைக்கற வேலை) பண்ணின ரீஏஜென்ட் பிளாங்க், பெட்டியில இருந்து நேரா எடுத்த ஃபில்டர் பிளாங்க், அப்புறம் ஃபீல்ட் பிளாங்க். ஃபீல்ட் பிளாங்க்னா சாம்ப்ளர்ல மாட்டி, பம்ப்ப போடாம, மத்த ஃபில்டர் எவ்வளவு நேரம் இருந்துச்சோ அவ்வளவு நேரம் வச்சிருந்து, அதே பெட்டியில திருப்பி கொண்டுவர்றது. பத்து சாம்பிளுக்கு ஒண்ணாவது இருக்கணும். இந்த மூணுக்கும் நடுவுல உள்ள வித்தியாசமே அழுக்கு எந்த இடத்துல உள்ள வருதுன்னு காட்டிக்கொடுத்துடும். ரீஏஜென்ட் சுத்தமா இருந்து ஃபில்டர் பிளாங்க் கூடினா ஃபில்டர மாத்துங்க, அதுவும் சுத்தமா இருந்து ஃபீல்ட் பிளாங்க் மட்டும் எகிறினா உங்க கையையும் சாம்ப்ளரையும் பாருங்க.

எனக்கு இது ஜிங்க்ல நடந்துச்சு. ஒரு நீண்ட சாம்ப்ளிங்ல ஃபீல்ட் பிளாங்க்ல ஜிங்க் சில வாரம் ஒண்ணுமே இல்ல, சில வாரம் சாம்பிள் அளவுக்கே வருது. ஆசிட்ட மாத்தினோம், பாத்திரத்த ஒரு வாரம் நைட்ரிக் ஆசிட்ல ஊற வச்சோம், ஃபில்டர் பெட்டிய மாத்தினோம், எதுக்கும் அசையல. கடைசியில நோட்டுப் புத்தகத்துல யார் எந்த வாரம் ஃபில்டர் மாட்டினாங்கன்னு பக்கத்துல எழுதிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, ஜிங்க் கூடின வாரம் எல்லாம் லேட்டக்ஸ் கிளவுஸ் போட்ட வாரம். ரப்பர பதப்படுத்த ஜிங்க் ஆக்ஸைடு போடுவாங்க. அந்த கிளவுஸோட ஒரு விரல் நுனிய வெட்டி 2 சதவீத நைட்ரிக் ஆசிட்ல ஒரு மணி நேரம் போட்டு ஓட்டினோம், கேலிப்ரேஷனோட மேல் எல்லையையே தாண்டிடுச்சு. அஞ்சு மாச ஜிங்க் டேட்டாவ வெளிய எடுத்து வச்சுட்டோம், இன்னைக்கு வரைக்கும் அத எங்கயும் பயன்படுத்தல. உங்க லிஸ்ட்ல நிக்கலும் குரோமியமும் இருக்கறதால கேக்கறேன், ஃபில்டர எதால எடுக்கறீங்க? ஸ்டீல் ஃபோர்செப்ஸ்னா அத முதல்ல ஓரமா வைங்க, பிளாஸ்டிக்கோ செராமிக்கோ வாங்குங்க, ஸ்டீல் கத்தரியால பாதியா வெட்டறதும் அதே கதைதான், செராமிக் பிளேடுக்கு மாறுங்க. பம்ப்போட எக்ஸாஸ்ட் காத்து இன்லெட் பக்கம் திரும்பி வருதான்னும் பாருங்க, பிரஷ் வச்ச மோட்டார்ல இருந்து காப்பர் தூள் வரும், பழைய ஹை வால்யூம் சாம்ப்ளர்கள்ல இது ரொம்ப பேர ஏமாத்தின விஷயம், ஒரு நீளமான குழாய மாட்டி எக்ஸாஸ்ட்ட தள்ளி விட்டா தீர்ந்தது.

ஃபில்டர் பத்தி. குவார்ட்ஸ் கார்பன் அளக்கறதுக்கான ஃபில்டர், 550 டிகிரியில சில மணி நேரம் சுட்டு ஆர்கானிக்க போக்கிடலாம், ஆனா சூட்டுல உலோகம் போகாது, அது நாருக்குள்ளயே இருக்கு. உலோகத்துக்கு டெஃப்லான், அதாவது பிடிஎஃப்இ ஃபில்டருக்கு வந்துடுங்க, பிளாங்க் பொதுவா ரொம்ப கம்மி, எடை போடவும் நல்லது. நைட்ரேட் துல்லியமா வேணும்னா முன்னாடி டினூடர் (நைட்ரிக் ஆசிட் வாயுவ பிடிச்சு வைக்கற குழாய்) வச்சு நைலான், ஏன்னா அமோனியம் நைட்ரேட் டெஃப்லான்ல இருந்து ஆவியாகி போயிடும். ஒரே ஃபில்டர்ல எல்லாத்தையும் எடுத்துடணும்ங்கற ஆசைதான் நிறைய பிராஜெக்ட்ட கெடுக்குது.

குரோமியத்துக்கு இன்னொரு சிக்கல், இது டிடெக்ஷன் லிமிட் பிரச்சனை மாதிரியே தெரியும், ஆனா அது இல்ல. நைட்ரிக் ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் போட்டா ஆர்செனிக், கேட்மியம், லெட் (ஈயம்) எல்லாம் நல்லா கரைஞ்சு வந்துடும். குரோமியம், டைட்டானியம், அலுமினியம் எல்லாம் கணிசமா மண் துகளோட கனிமத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இல்லாம முழுசா வெளிய வராது. குவார்ட்ஸ்ல அந்த ஆசிட்ட போட்டா ஃபில்டரே கரைஞ்சு சிலிக்கா குழம்பாயிடும், டெஃப்லான்ல அந்த தொல்லை இல்ல, ஆனா சரியான பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் பக்கத்துல இல்லாம அந்த ஆசிட் பாட்டில திறக்கவே கூடாது, தோல்ல பட்டா முதல்ல வலிக்காமலே உள்ள போயிடும். உங்க டைஜஷன் எவ்வளவு வெளிய கொண்டுவருதுன்னு தெரிய அமெரிக்க தர அளவு நிறுவனமான என்ஐஎஸ்டியோட எஸ்ஆர்எம் 1648ஏ மாதிரி நகரத் தூசி ரெஃபரன்ஸ எடை போட்டு உங்க முறையிலயே கரைங்க. ஆர்செனிக் சான்றிதழ் மதிப்போட ஒத்துவந்து குரோமியம் ரொம்ப கீழ வந்தா விஷயம் கரையாததுதான். உங்க குரோமியம் கம்மியா வர்றதுக்கு பிளாங்க் காரணமா டைஜஷன் காரணமான்னு இங்க இருந்து என்னால சொல்ல முடியாது, இந்த ஒரு டெஸ்ட் சொல்லிடும்.

ஆர்செனிக்குக்கு நேர் எதிர் ஆபத்து, இல்லாதது இருக்கற மாதிரி தெரியும். அதோட எடை 75, பிளாஸ்மாவுல ஆர்கான் 40-ம் குளோரின் 35-ம் சேர்ந்தா அதுவும் 75. கடல் உப்பு இருக்கற காத்துலயோ, டைஜஷன்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போட்டாலோ ஆர்செனிக் பொய்யா ஏறும். ஹீலியம் கொலிஷன் செல் (இந்த மாதிரி போலிய வடிகட்டற அறை) போட்டு ஓட்டறாங்களான்னு லேப்ல கேளுங்க, டிரிப்பிள் குவாட் மெஷின்னா ஆக்ஸிஜனோட சேர்த்து 91-ல அளப்பாங்க, அது இன்னும் சுத்தம். மெஷினுக்கு காசு செலவு பண்றதுல அர்த்தம் இருக்கற இடம்னா எனக்கு இது ஒண்ணுதான் தோணுது. குரோமியம் 52-லயும் ஆர்கானும் கார்பனும் சேர்ந்து வந்து உக்காரும், டைஜஷன்ல ஆர்கானிக் சரியா எரியாம மிச்சம் இருந்தா இது கூடும்.

எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே பாய்ச்சி எலமென்ட்ட அளக்கற முறை) போகலாமான்னு கடைசி வரியில கேட்டிருந்தீங்க. ஃபில்டர கரைக்க வேண்டாம், ஆசிட் பிளாங்க்கே கிடையாது, அளந்தப்புறம் அதே ஃபில்டர வேற டெஸ்ட்டுக்கு தரலாம், சல்ஃபர், பொட்டாசியம், கால்சியம், இரும்பு, ஜிங்க் எல்லாத்துக்கும் நான் முதல்ல எக்ஸ்ஆர்எஃப்தான் சொல்லுவேன். அங்க கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை நானோகிராம்ங்கறது, அதனால ஒரு நல்ல வழி இருக்கு, அதே காத்த சின்ன வட்டத்துல இழுத்தா மொத்த அளவு மாறாமலே படிவு அடர்த்தியாயிடும், 12 சதுர சென்டிமீட்டர்ல பரவினத 3-ல விழ வச்சா சிக்னல் நாலு மடங்கு. ரொம்ப அழுத்தினா ஃபில்டர் அடைச்சு ஃப்ளோ இறங்கிடும், பிரஷர பாத்துக்கிட்டே இருக்கணும். ஆனா உங்களுக்கு முக்கியம் ஆர்செனிக்னா எக்ஸ்ஆர்எஃப் சரிப்படாது, ஆர்செனிக்கோட கே-ஆல்ஃபா கோடும் லெட்டோட எல்-ஆல்ஃபா கோடும் ரெண்டும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு, காத்துல பொதுவா ஆர்செனிக்க விட லெட் அதிகம், பெருசுக்குள்ள சின்னது காணாம போயிடும்.

இன்னொருத்தர் உங்களுக்கு ஏஎம்எஸ் அல்லது ஏசிஎஸ்எம் (காத்துத் துகள அங்கயே உடனுக்குடன் அளக்கற ஆன்லைன் மெஷின்) வாங்கச் சொல்லியிருந்தார். அருமையான கருவி, மணிக்கணக்குல இல்ல, நிமிஷக் கணக்குல காத்தோட மாற்றத்த காட்டும், ஆனா உங்க வேலைக்கு இல்ல. அது துகள 600 டிகிரி சூட்டுல ஆவியாக்கி அளக்குது, அதனால ஆர்கானிக், சல்ஃபேட், நைட்ரேட், அமோனியம், குளோரைடு தெரியும், மண் தூசியும் புகைக்கரியும் உங்க நாலு உலோகமும் வழக்கமான அமைப்புல தெரியாது. லிமிட்டுன்னு எடுத்தா அதுலயும் இதே பாடம்தான் நடக்குது, பழைய குவாட்ரபோல் ஏசிஎஸ்எம்ல அரை மணி நேர சராசரிக்கு சல்ஃபேட் கன மீட்டருக்கு 0.02 மைக்ரோகிராம் அளவுக்கு தெரியும், அமோனியம் 0.28 இருந்தாதான் தெரியும். டிடெக்டர் ஒண்ணுதான், பின்னணிதான் வேற, அமோனியத்தோட 16, 17 எடையில காத்து ஆக்ஸிஜனும் தண்ணி ஆவியும் வந்து நிக்குது. சராசரி நேரத்த நாலு மடங்காக்கினா இரைச்சல் பாதியாகும், இது உறுதி. அதுல எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வராத இடம் கலெக்ஷன் எஃபிஷியன்ஸி, துகள் சூடான தகட்டுல பட்டு தெறிச்சு போறதால பாதிதான் பிடிபடுதுன்னு 0.5 போடறாங்க, துகளோட ஈரத்தையும் சேர்மானத்தையும் பொறுத்து அது மாறும், அதனால பக்கத்துல ஒரு ஃபில்டர் ஓட்டி ஒப்பிடாத ஏஎம்எஸ் டேட்டாவ நான் ஜாக்கிரதையாத்தான் படிப்பேன். கார்பன்லயும் அப்படித்தான், மொத்த கார்பன் எல்லா லேப்லயும் ஓரளவு ஒத்துவரும், ஆர்கானிக் எவ்வளவு எலமென்டல் எவ்வளவுன்னு பிரிக்கற கோடு மட்டும் எந்த வெப்பநிலை முறை, ஒளி திரும்பறத பாக்கற ரிஃப்ளெக்டன்ஸா, ஊடுருவறத பாக்கற டிரான்ஸ்மிட்டன்ஸாங்கறத பொறுத்து ரெண்டு மடங்கு வரைக்கும் கூட மாறும்.

எவ்வளவு கீழ போகணும்னு யோசிச்சீங்களா? ஐரோப்பிய யூனியன் 2004 உத்தரவுல பிஎம் 10-க்கு ஆண்டு சராசரி இலக்கா கன மீட்டருக்கு ஆர்செனிக் 6, கேட்மியம் 5, நிக்கல் 20 நானோகிராம்னு வச்சாங்க. அந்த மாதிரி அளவ தாண்டுதா இல்லையான்னு மட்டும் சொல்றது உங்க நோக்கம்னா இப்போ இருக்கற 0.7-ஏ தாராளம், பிளாங்க் மட்டும் ஒழுங்கா இருந்தா போதும். எந்த மூலத்துல இருந்து வருதுன்னு பிஎம்எஃப் மாதிரி மாடல்ல போட்டு பிரிக்கறதுதான் நோக்கம்னா அப்போதான் கீழ போற உழைப்புக்கு பலன்.

டேட்டா பத்தி ஒண்ணு, இத தயவுசெஞ்சு லேப்ல போய் கேளுங்க. "லிமிட்டுக்கு கீழ"ன்னு எழுதி தராம மெஷின் காட்டின நம்பரையும் அதோட அன்சர்ட்டனிட்டியையும் (எவ்வளவு முன்ன பின்ன இருக்கலாம்ங்கறது) அப்படியே தரச் சொல்லுங்க, பிளாங்க் கழிச்சப்புறம் மைனஸ்ல வந்தாலும் சரி. லாய்ட் கரிங்கற வேதியியலாளர் 1968-லயே பிரிச்சு காட்டினது இது: பிளாங்க்ல இருந்து வேறபட்டதான்னு முடிவு பண்ற கோடு வேற, தவறாம கண்டுபிடிக்க முடியற அளவு வேற, பிளாங்க் நல்லா தெரிஞ்சிருந்தா முதலாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷனோட 1.645 மடங்கு, ரெண்டாவது 3.29 மடங்கு. சரியா அந்த முதல் கோட்டுல இருக்கற நிஜமான உலோகத்த பாதி தடவ தவற விட்டுடுவோம். கீழ வந்ததையெல்லாம் பூஜ்யமாக்கினா சராசரி இறங்கிடும், லிமிட்ல பாதின்னு போட்டா எல்லா நாளும் ஒரே நம்பராகி இல்லாத ஒற்றுமை தெரியும். பிஎம்எஃப்-க்கு பாதி லிமிட் போட்டு அன்சர்ட்டனிட்டி லிமிட்ல ஆறுல அஞ்சு பங்குன்னு வைக்கறது ரொம்ப நாளா இருக்கற பழக்கம், வேற வழி இல்லன்னா அத பண்ணுங்க, ஆனா பாதிக்கு மேல கீழ போன எலமென்ட்ட மாடல்ல சேர்க்காம இருக்கறது நல்லது.

உங்க இடத்துல நான் இருந்தா இந்த வாரமே புது சாம்பிள் எடுக்கறத நிறுத்திட்டு, இப்போ வச்சிருக்கற பெட்டியில இருந்து ஏழு குவார்ட்ஸ், கடன் வாங்கியாவது ஏழு டெஃப்லான், ஏழு ஆசிட் மட்டும், மொத்தம் இருபத்தொண்ண ஒரே நாள்ல ஒரே ஆள் கரைச்சு ஓட்டுவேன். ரிசல்ட் வந்ததும் சராசரிய போடாம இருபத்தொரு நம்பரையும் ஒவ்வொண்ணா, ஃபில்டருக்கு எத்தனை நானோகிராம்னு போடுங்க, எந்த ஃபோர்செப்ஸ், எந்த கிளவுஸ்னும் எழுதுங்க, உக்காந்து பாத்து சொல்றேன்.